டிரைவர் பார்க்காத மலை

முதலில் சாலையைத்தான் போடுகிறார். எதிரே ஒட்டிவைத்த புகைப்படத்தில் சாலையே கிடையாது. மலை இருக்கிறது, கீழே ஏரி இருக்கிறது. எதிர்வீட்டு டிரைவருக்கு அதெல்லாம் அப்புறம். தாளின் அடியில் கரிக்குச்சியைப் படுக்கவைத்து ஒரே இழுப்பில் ஒரு வளைவு. பிறகுதான் மூச்சு விடுவார்.

"ரோடு இல்லாம அது எந்த இடம்னு எப்படித் தெரியும் தம்பி?" என்பார் என்னிடம்.

"ஏரி மேலயுமா ரோடு போடுவீங்க?" என்று நாற்காலியில் சாய்ந்தபடி கேட்பார் அவர் மனைவி.

முப்பத்தோரு வருடம் ஒரே மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர். முதல் டிரிப்பின் குளிரையும் டீசல் வாடையையும் சொல்லிச் சொல்லி இன்றும் ஏங்குவார். அந்த மலையை ஊரே வேடிக்கை பார்த்தது, அவரைத் தவிர. "கண்ணை எடுத்தா அம்பது உசுரு தம்பி. அழகா, உசுரான்னு கேட்டா நான் என்ன சொல்றது?" நியாயம்தான். ஆனால் மாதம் ஒருமுறை தாய்வீடு போன மனைவி, அதே பேருந்தில் முன் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஒரு திருப்பம் வந்ததும், "என்னங்க, ஒரு தடவை இந்தப் பக்கம் பாருங்களேன்" என்பாராம். "பேசாம வா" என்பாராம் இவர்.

மிச்சமிருப்பது, கேமராப் பைத்தியமான மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எடுத்த ஒரு கட்டுப் படங்கள். அந்தத் திருப்பம் மட்டும் அவற்றில் இல்லை. அதற்கு அடுத்த வளைவில் எடுத்தது ஒன்று உண்டு.

ஓய்வுபெற்ற புதிதில் நீர்வண்ணத்தில்தான் வரைந்தார். நீட்டிக் காட்டியபோது அந்த அம்மா, "வெறும் தாளைக் காட்டி விளையாடுறீங்களா?" என்றார். கண் நரம்பு கெட்டுக்கொண்டு வருவது அப்போதுதான் தெரிந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதும் எத்தனை நாளோ என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். அழுத்தமான கறுப்பும் வெள்ளையும் மட்டும் பிரிந்து தெரியும். மறுநாளே கரி வாங்கிவந்தார். பார்வை முழுதாகப் போவதற்குள் அந்தத் திருப்பத்தை மனைவிக்கு இன்னொருமுறை காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆசை இருந்தால் போதுமா, கை வர வேண்டாமா? சாலை அச்சு அசலாக வரும். மலை கொட்டிவைத்த மணல் போல நிற்கும். தேய்த்துத் தேய்த்து அவர் மூக்கு, கதவின் கைப்பிடி, தண்ணீர் டம்ளர் எல்லாம் கரி.

"இடது பக்கம் மொட்டைப் பாறைங்க. மரம் வைக்காதீங்க."

"போட்டோவுல இருக்கே."

"அது என் தம்பி பாத்தது. நான் பாத்ததைப் போடுங்க."

மறுபேச்சில்லாமல் மரத்தை ரப்பரால் ஒற்றி எடுப்பார். அந்தச் சண்டையைக் கேட்கவே நான் அங்கே போவேன்.

ஆரம்பத்தில் சுவரோரம் நின்று படத்தைக் காட்டினார். பிறகு மேசையருகே, பிறகு நாற்காலியருகே. நேற்று அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடித்தார்.

அந்த அம்மா கையை நீட்டிப் பாறையைத் தொட்டு, அங்கிருந்து ஏரிக்கரை வரை தடவினார். விரல் போன வழியெல்லாம் கரி இழுபட்டது. "இங்கதாங்க," என்றார். "இங்க வந்ததும்தான் உங்களைக் கூப்பிடுவேன்."

மூன்று வாரத்து வேலையாயிற்றே என்று ரப்பரை எடுத்து நீட்டினேன். டிரைவர் வாங்கவில்லை. கரி உதிராமலிருக்க அடிக்கும் ஸ்பிரேயை எடுத்துக் குலுக்கி, அந்த விரல் தடத்தின் மேல்தான் முதலில் அடித்தார்.