கொளஞ்சி போக ஒரு வழி

முதலில் ஒரு மன்னிப்பு. நான் பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் கூடியிருந்தால் ஐந்தாவதாகப் போய் நிற்கவே கூச்சப்படுகிறவன். வாராவாரம் இந்த இடத்தில் எதையாவது கிறுக்குவதே அதிகம். இதில், ‘உங்கள் ஊரின் வரலாறும் பூகோளமும் எழுதுங்களேன்’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுதலாம் என்று உட்கார்ந்த வாரத்தில்தானா கொளஞ்சி சாக வேண்டும்?

பூகோளம் சுலபம். சின்னசேலத்தில் டவுன் பஸ் ஏறினால் மேற்கே கல்வராயன் மலை கூடவே வரும். மலையில் மழை பெய்தால் எங்கள் ஏரிக்குத் தண்ணீர். ஏரிக்குக் கீழே நெல், கரும்பு. நடுவில் கடைத்தெரு, மேலத்தெரு. கிழக்குக் கடைசியில் காலனி. காலனியை ஒட்டி வயல். வயலைத் தாண்டினால் காலனிக்காரர்களின் இடுகாடு.

வரலாறு?

காலனியில் சாவு விழுந்தால் மேலத்தெரு வழியாகப் பிணம் போகக் கூடாது. பிணம் மட்டுமல்ல – அந்தச் சாவுக்கான ஒரு சொம்பு தண்ணீர்கூடப் போகக் கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது. அதனால் வயல் வரப்பில்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அதுதான் வழி.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் நிலத்துக்கு விலை ஏறியது. அந்த வயல் மனைகளானது. ‘மலை தெரியும் மனைகள்’ என்று போர்டு வைத்தார்கள். காலனிப் பக்கமாக நீளச் சுவர் எழும்பியது. இடுகாட்டுப் பக்கம் இன்னும் எழும்பவில்லை.

கொளஞ்சி எங்கள் கொல்லையில் கரும்பு வெட்டியவர். மாலை வாங்கிக்கொண்டு போனேன். பாடை கிளம்பி, சுவரில் லாரி நுழைய விட்டிருந்த இடத்துக்கு வந்தால்... தகரம் வைத்து அடைத்திருக்கிறது. தோளில் பாடையோடு நிற்கிறார்கள். தகரத்துக்கு முன்னால் மனை ஆபீஸ் மேனேஜர்.

“இன்னா தம்பி இது? காலங்காலமா இப்பிடித்தான போய்க்கினு இருக்கோம்?” என்றார் கொளஞ்சியின் தம்பி ஏழுமலை.

“பட்டா நெலம் பெரியவரே. பொணத்த பாத்தா மனை வாங்க வர்றவன் ஓடிடுவான். ரோட்ட சுத்திக்கினு போங்க.”

“சுத்தினா மேலத்தெருதான் வரும். நீ முன்னால நட புண்ணியவானே, நாங்க பின்னாலயே வர்றோம். ஒத ஜாஸ்தியா வுழுந்தா பங்கு போட்டுக்கலாம்.”

பாடையைச் சுமந்தவர்களே சிரித்துவிட்டார்கள். மேனேஜருக்கு முகம் சுண்டிவிட்டது. என்னிடம் திரும்பினார்.

“அண்ணே, நீங்க மேலத்தெருதான? நீங்களே சொல்லுங்க. உங்க தெரு வழியா வுடுவீங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்வராயன் மலையைப் பார்த்தேன். போர்டில் போட்டது பொய்யில்லை – மலை நன்றாகவே தெரிந்தது.

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் ‘சரிங்க, சரிங்க’ என்றார். அதற்குள் பாடையில் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

“மொதலாளி இந்த ஒரு வாட்டி வுடச் சொல்லிட்டாரு. பொதைச்சிட்டு சீக்கிரம் வந்துடணும்.”

தகரம் விலகியது. ஏழுமலை கண் கலங்கி, “உங்க மொதலாளி நல்லா இருக்கணும் தம்பி” என்று கும்பிட்டார். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரும் கும்பிட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

வழியை மூடியவனே ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் அவன் வள்ளல்! எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். வரலாறு கேட்ட வாசகருக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

கொளஞ்சியை அவருடைய அப்பாவுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம்.

மறுநாள் காலை, வழக்கப்படி, குழிமேட்டில் பால் தெளிக்க ஏழுமலை சொம்போடு போனார். தகரம் இருந்த இடத்தைச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டிருந்தார்கள். சுவரின் அடியில் பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.