விராலின் செவுள்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன், எண்பதுகளின் தொடக்கத்தில் கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு முலாம் பட்டறையில் வந்து ஒதுங்கினேன். சைக்கிள் ரிம்மும் ஹேண்டில்பாரும் பளபளப்பாவது அங்கேதான். கழுவிய மஞ்சள் தண்ணீரைச் சாயங்காலம் பின்னாலிருந்த வாய்க்காலில் கொட்டுவது என் வேலை. விரல்களில் குழி குழியாகப் புண் விழுந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கொட்டினேன்.

மாசியில் ஆற்றில் தண்ணீர் நின்றதும் வாய்க்கால் அங்கங்கே குட்டையாகத் தேங்கியது. முதலில் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. யாரோ சேற்றைக் கலக்கிவிட்டதாக நினைத்து ஜனங்கள் கூடையோடு இறங்கினார்கள். மறுவாரம் கெண்டை செத்து மிதந்தது, அப்புறம் கெளுத்தி. விரால் மட்டும் சாகவில்லை. அது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகிற மீன். செத்த மீனைத் தொடாதவர்கள் விராலைத் தேடிப் பிடித்தார்கள்.

பட்டறைக்குக் கிழக்கே அதே வாய்க்கால் ஓரம் அக்கா வீடு. அவளுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அத்தான் பானைத் தண்ணீரில் ஒரு விராலை விட்டுவைத்திருந்தார்.

"வாங்க மாப்ள, வாசனைக்கே வந்துட்டீங்களா? இன்னும் வெட்டவே இல்ல."

மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பழுப்பேறி, வடித்த கஞ்சிபோல் கொழகொழவென்று சளி மூடியிருந்தது.

"இத அக்காவுக்குக் குடுக்காதீங்க அத்தான். நான் கொட்டுற தண்ணியில கெடந்தது."

"துள்ளுது பாருங்க. உயிரோட இருக்கறதுல என்ன கெடுதல்? பட்டறை சோறு மட்டும் இனிக்குதோ?"

நான் விரல்களை நீட்டினேன். அத்தான் குனிந்து பார்த்தார். அக்கா அரிவாள்மணையை மடக்கிவிட்டுக் கேட்டாள்.

"எப்பலேருந்துடா ஊத்துற?"

"தையிலேருந்து."

"மாசி பொறந்ததுலேருந்து இவரு வாரம் ரெண்டு மீன் கொண்டாராரு. உடம்பு தேறும்னு மண்டையக்கூட விடாம சப்பித் தின்னுருக்கேன்."

மீனை வெட்டிக் கொல்லைக் குழியில் புதைத்தேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. என் இடத்தில் வேறு ஒருவன் வாளியைத் தூக்கினான்.

வைகாசியில் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும் அழுகை கேட்டது. கை காலை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

"துள்ளுறான் பாருங்க மாப்ள!" என்று அத்தான் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. குழந்தையின் வாயை விரலால் மெல்லத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.