அக்கா ஜெபிக்காத வீடு

அக்கா வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு புயல் அடித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அக்காவைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டுவிட்டதால், புயலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் அக்காவை நினைத்துக்கொள்வேன். புயலைப் பற்றிப் பேச எங்கள் வீட்டில் தடை எதுவும் கிடையாது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னையை ஒட்டிய பட்டாபிராமுக்கு நாங்கள் குடிவந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, அம்மாவுக்கு ஆவடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில். அக்கா படிப்பை முடித்துவிட்டு அம்பத்தூரிலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். நான் ஆறாம் வகுப்பு. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால், மூன்றாவது மாடி வீட்டில் என்னையும் ஃபிரிட்ஜையும் தவிரச் சத்தம் போட யாரும் இல்லை. பள்ளியிலும் எனக்குத் தோழிகள் கிடையாது. வாயைத் திறந்து ‘அங்கன’, ‘இங்கன’ என்றால் வகுப்பே சிரிக்கும். அதனால் நாள் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சை அக்காவிடம்தான் கொட்டுவேன். ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுவேன். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிடுவேன்.

அந்த டிசம்பரில் அக்கா ஒரு மாதிரியாக இருந்தாள். நான் பேசுவதற்கு ‘உம்’ கொட்டுவாள், ஆனால் தப்பான இடத்தில் கொட்டுவாள். கையில் எப்போதும் போன். கூட வேலை பார்க்கும் ஒருவரை அவள் விரும்பியதும், அவர் எங்கள் சபையும் இல்லை சாதியும் இல்லை என்பதும், பொங்கல் கழிந்து அவள் அவரோடு போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அக்கா என்னைத் தனியாக விட்டுவிடுகிறாள் என்பது மட்டும்தான். அது எனக்கு ரொம்ப வலித்தது.

புயல் போன மறு ஞாயிறு, திருமழிசை தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் கூரைகளெல்லாம் பறந்துபோய்விட்டன என்று ஆராதனையில் அறிவித்தார்கள். சனிக்கிழமை வாலிபர் ஐக்கியம் உதவிக்குப் போவதென்று முடிவானது. அக்கா அதில் இருந்தாள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. ஆனால் அம்மா விடவில்லை.

“ஏட்டி, இவளையும் கூட்டிட்டுப் போ. வீட்டுல தனியாக் கெடந்து என்ன செய்யப் போறா” என்றாள்.

ஒரு வேனில் நாங்கள், பின்னால் ஒரு குட்டியானை வண்டியில் சாமான்கள். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன, கரண்ட் கம்பங்கள் சாய்ந்து நின்றன. நாங்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு போனோம். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு முழு நாள் அக்காவோடு! துன்பப்பட்ட ஜனங்களைப் பார்க்கப் போகிறோம் என்பது மறந்தே போய்விட்டது.

அங்கே போய் இறங்கியதும் ஐக்கியத்தின் செயலாளர் அண்ணன் முறையைச் சொன்னார். ஆண்டவர் சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார், நாமும் அப்படியே போவோம். ஒருவர் சாமான் பையைக் கொடுக்க வேண்டும், மற்றவர் அந்த வீட்டாரிடம் ஜெபக் குறிப்பு கேட்டு, அதாவது ஆண்டவரிடம் அவர்களுக்காக என்ன கேட்க வேண்டும் என்று கேட்டு, அங்கேயே நின்று ஜெபிக்க வேண்டும். ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு. ஜோடி பிரித்துப் பார்த்ததில் பெண்களில் ஒருத்தி மிஞ்சினாள். அது என் அக்கா. “உன் தங்கச்சியையே ஜோடியா வெச்சுக்கோ” என்று அண்ணன் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சீஷர்களில் என்னைப்போல் பாவாடை சட்டை போட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பையில் அரிசி, பிரெட், மெழுகுவர்த்தி. தீப்பெட்டி வைக்க எங்கள் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பையை நீட்டுவேன், அக்கா ஜெபிப்பாள். அங்கே யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் மரியாதையாகக் கைகூப்பி நின்றார்கள். ஒரு வீட்டில் கரண்ட் வர வேண்டும் என்றார்கள். இன்னொரு வீட்டு ஆள் ரொம்ப யோசித்து, தண்ணீரில் மூழ்கிய தன் பைக் ஸ்டார்ட் ஆனால் போதும் என்றார். அக்கா அதற்கும் கண்ணை மூடி, அந்த இன்ஜினைத் தொட்டருளும் ஆண்டவரே என்று உருக்கமாகக் கேட்டாள். அவளுக்கு ஜெபம் தண்ணீர் மாதிரி வரும். சபையில் எல்லோரும் அதைச் சொல்வார்கள்.

தெருக்கோடியில் கடைசி வீடு. வீடு என்று சொன்னால் நான்கு சுவர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒரு துண்டுகூட மிச்சமில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் மற்றவர்கள் பகலில் வந்து சாமான்களைப் பார்த்துவிட்டு, தங்குவதற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த வீட்டில் மட்டும் அம்மா வயதுள்ள ஒரு பெண், நனைந்த கட்டிலின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் பையை நீட்டினேன்.

“அரிசியா கண்ணு? காலைல இருந்து மூணாவது பை இது. வேவ வெக்க அடுப்பு எங்க கீது, சொல்லு.” கோபமில்லாமல்தான் சொன்னாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க ஏன்மா ஸ்கூலுக்குப் போகலை?” என்று அக்கா கேட்டாள். “இங்க கூரையே இல்லையே.”

“நான் அங்க பூட்டா, அவ வந்து வெறும் ஊட்டப் பாத்துட்டுத் திரும்பிப் பூடுவாளே.”

“யாரும்மா?”

“எம் பொண்ணுதான். புடிச்சவனோட பூட்டா, ரெண்டு வருசம் ஆவுது. அவங்கப்பன் இந்த ஊட்டுப் பக்கமே வராதன்னுட்டான். போன் நம்பரக்கூட மாத்திட்டான். டிவில புயலப் பாத்திருப்பா. ஆத்தா செத்தாளா பொழச்சாளான்னு பாக்க வருவா. வந்தா ஊடு இருக்கிற எடத்துக்குத்தான வருவா? நான் ஸ்கூல்ல கீறேன்னு அவளுக்கு இன்னா தெரியும்?”

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். பிறகு, “உங்களுக்கு அவங்க மேல கோவம் இல்லையாம்மா?” என்றாள்.

“கோவம் இல்லாம? வந்தா நாலு அறை உட்டுட்டுத்தான் சோறு போடுவேன்.”

ஜெபக் குறிப்பு கேட்க வேண்டியவள் அக்காதான். கேட்காமல் நிற்கிறாளே என்று எனக்குத் தவிப்பாகிவிட்டது. நானே முந்திக்கொண்டு, “சாமிகிட்ட உங்களுக்காக என்ன கேக்கணும்?” என்றேன்.

“இம்மா நேரம் அத்தத்தானம்மா சொன்னேன்” என்றாள் அந்தப் பெண்.

கண்ணை மூடினோம். அக்காவின் குரல் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. வகுப்பில் செய்யுள் ஒப்பிக்க நிற்கும்போது எனக்கும் அப்படி ஆகும். அக்காவுக்கும் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு. நான் அவளுடைய ஜோடி அல்லவா? குரலை உயர்த்தி ஆரம்பித்தேன்.

“அன்புள்ள ஆண்டவரே, இந்த அம்மாவோட பொண்ணு சீக்கிரமா வீட்டுக்கு வரணும். யார்கூடப் போனாங்களோ அந்த ஆளை விட்டுட்டு வரணும்…”

“இரு, இரு” என்றாள் அந்தப் பெண். கண்ணைத் திறந்தேன். “அவன இன்னாத்துக்கு உடணும்? அவனும் நல்ல புள்ளதான். ரெண்டு பேரும் வரணும்னு கேளு. மாத்திக் கேளு.”

பாதியில் நிறுத்தித் திருத்தச் சொன்ன ஜெபம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். மறுபடி கண்ணை மூடி, “ரெண்டு பேரும் வரணும், ஆமென்” என்று முடித்தேன். இப்படியெல்லாம் மாற்றிக் கேட்டால் ஆண்டவர் கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் அக்கா அழுதுகொண்டிருந்தாள். துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க. அந்தப் பெண் கட்டிலை விட்டு எழுந்து வந்து குடையை அக்காவின் தலைக்கு மேல் பிடித்தாள்.

“பூட்டது எம் பொண்ணு. நீ இன்னாத்துக்குக் கண்ணு அழுவுற?”

நான்தான் அக்கா கையைப் பிடித்து வேன் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளை விட்டுவிட்டு நான் ஜெபித்ததில் அவளுக்கு வருத்தமோ என்று வழியெல்லாம் யோசித்தேன்.

திரும்பும்போது எல்லோரும் களைத்துத் தூங்கிவிட்டார்கள். நானும் அக்காவும் கடைசி சீட்டில். அன்று அவள் போனைக் கையில் எடுக்கவே இல்லை. என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக எங்கோ போயிருந்தவள் திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ரொம்ப நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

“ஏட்டி, அம்மா அப்படி உக்காந்திருப்பாளா?”

“எப்படி?”

“அந்த அம்மா மாதிரி. எனக்காக.”

இன்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும். அக்கா போன மறு வருடம், மானம் போன இடத்தில் இருக்க மாட்டேன் என்று அப்பா அம்பத்தூரில் வீடு பார்த்தார். அட்வான்ஸ் கொடுக்கப் போகிற அன்று அம்மா வர முடியாது என்று சொல்லிவிட்டாள். இங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். எங்கள் தெருத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட பொய் என்று தெரியும். அதற்கப்புறமும் அப்பா மூன்று வீடு பார்த்துவிட்டார். அம்மா ஒவ்வொரு முறையும் தண்ணீரைத்தான் சொல்கிறாள். நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம்.

ஆனால் அன்று எனக்குப் பதினொரு வயது. அக்கா எதற்கோ பயப்படுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. தைரியம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“நம்ம வீடு கான்கிரீட்டுல்லா. எவ்வளவு பெரிய புயல் வந்தாலும் ஒண்ணும் ஆகாது. அம்மா எதுக்கு மழையில உக்காரணும்?” என்றேன்.

அக்கா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். சரியான பதிலைச் சொல்லிவிட்ட நிம்மதியில் நான் அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.