இரைச்சலுக்குள் ஒரு செமினார்

"ஃபேன் எல்லாத்தையும் போடுங்க. டெஸ்க்கைத் தட்டுங்க. கை வலிக்கிற வரைக்கும் தட்டுங்க." அந்த மாணவி அப்படிச் சொன்ன காலைப்பொழுதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவள் மேல் அல்ல, என் மேல்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் வணிகத் தகவல் தொடர்பு நடத்துகிறேன். சேத்தூரிலிருந்து பஸ் மாறி வருகிறவள் அவள். வருகைப்பதிவு எடுக்கும்போது மட்டும்தான் அவள் குரலே கேட்கும். முந்தின செமினாருக்குப் பயந்து லீவு போட்டு, அந்தப் பாடத்திலேயே பெயிலாகியிருந்தாள். "இந்தத் தடவ பேசிருவேன் மேடம். ஆனா ஸ்லைடு வேண்டாம், என் போக்குல விட்ருங்க" என்று வந்து நின்றாள். "தாராளமா செய்ம்மா" என்று நானும் பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன்.

தலைப்பு, தகவல் தொடர்புத் தடைகள். அவளுக்கு முன்னால் பேசிய அத்தனை பேரும் இணையத்தில் எடுத்த ஸ்லைடைச் சுவரைப் பார்த்து வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள். கொட்டாவியை அடக்கி அடக்கி எனக்குத் தாடையே வலித்தது. இவளோ, வகுப்பு அதிர அதிரத் தட்டச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் கையாலும் உதட்டாலும் பேச ஆரம்பித்தாள். நூல் அறுந்துபோச்சு. டீ வந்தாச்சு. உன் பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு? வகுப்பு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கத்தியது. "ஏலே, சூப்பர்வைசர் வாராரு!" என்று கடைசி பெஞ்சுக்காரன் அலற, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். அவள் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு தட்டுவதை நிறுத்தச் சொன்னாள். "ராஜபாளையத்துல மில்லுக்குள்ள எங்கம்மா இப்படித்தான் பேசும். இப்பம் காது மந்தமாயிருச்சு. வீட்லயும் நாங்க இப்படித்தான் பேசிக்கிடுதோம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், தட்டின சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் உள்ளே வந்தார். "என்ன மேடம், வகுப்பா இது, தேரோட்டமா?" மதிப்பெண் படிவத்தை வாங்கிப் பார்த்தார். இருபதில் பத்து ஸ்லைடுக்கு. "ஸ்லைடு இல்லேன்னா அந்தப் பத்துக்கும் சைபர்தான். வேணும்னா ஒழுங்காத் தயார் பண்ணிட்டு அடுத்த வாரம் வரட்டும்." இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறவள் நான். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? "சரி சார்" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் பன்னிரண்டு ஸ்லைடோடு வந்தாள். ஓரமெல்லாம் பூப்படம். சுவரைப் பார்த்து முணுமுணுவென்று வாசித்தாள். இருபதுக்கு இருபது. "இதுதான் செமினார்" என்று துறைத்தலைவர் அதை மாதிரிக்காகத் துறைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார். அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை அவள் என் வகுப்பில் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வருஷம் மூன்று பேர் அதே ஸ்லைடைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் முதல் பக்கத்தில் அவள் பெயரை மாற்றக்கூட இல்லை. மூன்று பேருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.