வைப்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது

போன வாரம் ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நிற்கிறேன். நல்ல மழை. என் கார் வைப்பர் கிரீச் கிரீச் என்று கத்துகிறது. ரப்பர் மாற்ற வேண்டும் என்று நினைத்தே ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி, "ஊருக்கெல்லாம் வைப்பர் டெஸ்ட் பண்ற ஆளு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நியாயம்தான். கண்ணாடி மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, வைப்பர் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு ஒரு கார் கம்பெனியில் வேலை.

சிக்னல் விழுகிற வழியாக இல்லை. முன்னால் நின்ற லாரியின் நனைந்த தார்ப்பாய் வாடை உள்ளே வந்தது. கூடவே எங்கிருந்தோ பெட்ரோல் வாடை. ஈரத் துணியும் பெட்ரோலும் சேர்ந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் போதும், என் வலது கை தானாக ஸ்டியரிங்கை விட்டு மடிக்கு வந்துவிடும். அந்தக் கையில் இரண்டு விரல்கள் முழுசாக மடங்காது. ஏன் என்று கேட்டால் ஒரு பழைய சிவப்புக் காரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து எலக்ட்ரிகல் டிப்ளமோவையும் ஒரு டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு வந்தவன். வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு பிரஸ் ஷாப்பில், அதாவது இரும்புத் தகடு அடிக்கிற பட்டறையில், மெயின்டனன்ஸ் வேலை. கார் சீட்டுக்கு அடியில் மாட்டுகிற பிராக்கெட்டுகளை அங்கே அடித்துக் கொடுத்தோம். ஒன்பது மெஷின்கள் சேர்ந்து தகட்டை அடிக்கும்போது யாராலும் பேச முடியாது, கத்தத்தான் முடியும். முதலாளி தயாளன் கத்துவதோடு நிறுத்த மாட்டார். அடிப்பார்.

என்றைக்கோ ஒருநாள் கோபத்தில் கை நீட்டிவிட்டார் என்கிற மாதிரி இல்லை. கன்னத்தில், பிடரியில், குனிந்திருப்பவன் முதுகில் முழங்கையால். கையில் ஸ்பேனர் இருந்தால் ஸ்பேனர் பறக்கும். ரிஜெக்ட் ஆன பீஸை ஒரு ஆபரேட்டர் முகத்தில் எறிந்து, நெற்றி பிளந்து, அவரே தன் காரில் கூட்டிப்போய்த் தையல் போட்டு வந்தார். அதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். "அடிச்சாலும் சார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாருல்ல." எவ்வளவு கேவலமாக இருந்திருக்கிறோம் பாருங்கள்.

அந்த ஷாப்பில் அவர் கை படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆடிட்டர். இன்னொருவர் செக்கிங் செக்‌ஷன் கஸ்தூரி அக்கா. வல்லக்கோட்டைக்காரர். முப்பது வயது இருக்கும். ஒருமுறை தயாளன் அவரை நோக்கிக் கையை ஓங்கியபோது அக்கா நகரவே இல்லை. கையில் இருந்த பிராக்கெட்டைக் கீழேயும் வைக்கவில்லை. "அடி சார். ஆனா ஒண்ணோட நிறுத்திக்காத. அப்பால உனுக்கு டைம் கிடைக்காது பாரு" என்றார். ஓங்கிய கை தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டது.

சிவப்புக் கார் ஷெட்டுக்குப் பின்னால் நிற்கும். இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். தயாளனைவிட வயதில் மூத்தது. கான்வாஸ் கூரை. பெட்ரோல் எப்போதும் எங்காவது கசியும். ஐப்பசியில் பழைய கார்களெல்லாம் வரிசையாகப் பாண்டிச்சேரி போகிற விழா ஒன்றுக்கு அவர் பெயர் கொடுத்திருந்தார். ஐப்பசி என்றால் மழை. அந்தக் காரின் வைப்பரோ பாதிக் கண்ணாடி வரை ஏறும், நின்று யோசிக்கும், பிறகு மனசில்லாமல் இறங்கும். "பத்து நாள் டைம். மழையில ஓடுற வைப்பர் வேணும்" என்று சாவியை என்னிடம் எறிந்தார்.

எனக்குக் கார் வைப்பரைப் பற்றி அதுவரை ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்கிற தைரியமும் இல்லை. மோட்டாரைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டு மூன்றாம் நாள் ஓட்டிக் காட்டினேன். இரண்டு வீச்சு வீசிவிட்டு, நட்டுக்குத்தலாக நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றுகூடத் தெரியவில்லை. காதுக்குள் ஒரு நீண்ட விசில். உதடு கிழிந்து பானெட் மேல் ரத்தம் சொட்டியது. தயாளன் கைக்குட்டையை எடுத்தார், பானெட்டைத் துடைத்தார், போய்விட்டார்.

கேன்டீனில் கஸ்தூரி அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, மூஞ்சி ஒரு பக்கமா கீது?"

"விழுந்துட்டேம்க்கா."

"அவன் கையில போயி வுயுந்தியா? திருப்பி ஒண்ணு குடுக்க உனுக்கு கை இல்ல?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சாப்பிட வாய் திறக்க முடியவில்லை.

வெறி பிடித்துவிட்டது எனக்கு. அவர் மேல் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் வைப்பர் மேல் காட்டினேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட் போக வேண்டிய இடத்தில் ஒன்பதரைதான் போகிறது. பழைய ஒயரை உருவி எறிந்துவிட்டு, கனமான ஒயர் போட்டு ரிலே வைத்தேன். எர்த் பிடிக்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டினேன். மோட்டாரின் வேகத்தை வைப்பர் கைகளுக்குக் கொண்டுபோவது ஒரு குழாய்க்குள் ஓடும் முறுக்குக் கம்பி. குழாயில் இருந்த கிரீஸ் மெழுகுபோல இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிப் புது கிரீஸ் வைத்தேன். கம்பியின் முடிவில் இரண்டு சின்னப் பல்சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாதிப் பற்கள்தான் தேய்ந்திருந்தன. மறுபாதி புதுசு போல. சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி மாட்டியதும் ஆட்டம் நின்றது. கடைசியில் கைகளைக் குறடால் இம்மி முறுக்கி, ரப்பர் கண்ணாடிக்கு நேராக நிற்கும்படி செய்தேன். பக்கெட் தண்ணீரை ஊற்றி சுவிட்சைத் தட்டினால், ஒரே வழிப்பு. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அன்றைக்கு நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே தட்டினேன்.

ஒன்பதாம் நாள் மதியம் வானம் இருண்டு கொட்டியது. தயாளன் ஷெட்டுக்கு ஓடி வந்தார். "ஏறுடா." வாலாஜாபாத் வரை போய்த் திரும்பலாம் என்றார்.

அப்போது அந்த ரோடு அகலமாகவில்லை. இரண்டு பக்கமும் மரங்கள், வளைவு வளைவாகப் போகும். போகும்போது நிதானமாகத்தான் ஓட்டினார். வைப்பர் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. திரும்பும்போது என் தொடையில் தட்டி, "பரவால்லடா, படிச்சிருக்கே" என்றார். வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். அந்த வைப்பர் கொடுத்த தைரியத்தில் அவர் கால் அழுத்த ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு வளைவில் எங்கள் பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது. காரில் சேறு அடிக்கக் கூடாது என்று எதிர்ப்பக்கம் ஏறினார். எதிரே ஸ்கூட்டி. மஞ்சள் மழைக்கோட்டு. மூன்று மணி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற கஸ்தூரி அக்கா. அத்தனை மழையிலும் அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டை விட்டே மண்ணில் இறங்கினார். தயாளன் ஹாரனை அழுத்தினார். பிரேக்கை அழுத்தவில்லை. இன்னும் நகர்வாள் என்று நினைத்தார். நகர இடமில்லை, அந்தப் பக்கம் மரம்.

மோதிய சத்தம் பிரஸ் அடிக்கிற சத்தம் போலவே இருந்தது. ஒரே ஒரு அடி.

ஸ்கூட்டி அக்கா காலின் மேல் கிடந்தது. கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தயாளன் இறங்கி முதலில் காரின் முன்விளக்கைப் பார்த்தார். அது நொறுங்கிக் கிடந்தது. "ஹாரன் அடிச்சேன்ல? கண்ணு இல்ல உனக்கு?" என்று கத்திக்கொண்டே போய் ஸ்கூட்டியை உதைத்தார். அது அந்தக் காலின் மேல்தான் கிடக்கிறது. அக்கா போட்ட அலறலை என்னால் எழுத முடியாது. தயாளன் மறுபடி உதைக்கக் காலைத் தூக்கினார்.

நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினேன். வாழ்க்கையில் ஒருவரை நான் அடித்தது அதுதான் முதல். மூக்கு என் முஷ்டிக்குக் கீழே நொறுங்குவதை உணர்ந்தேன். பிறகு அவர் முறை. என்னைவிட இரண்டு மடங்கு ஆள். என் தலைமுடியைப் பிடித்து பானெட்டில் மோதினார், மறுபடி மோதினார். ஒவ்வொரு மோதலுக்கும் கண்ணுக்கு நேரே வைப்பர் இடதும் வலதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றதால் பிழைத்தேன். இறங்கியவர்கள் எங்களைப் பிரித்தார்கள். ஸ்கூட்டியை எட்டுப் பேர் தூக்கி, அக்காவை ஒரு பலகையில் கிடத்தி பஸ்ஸில் ஏற்றினார்கள். நானும் ஏறினேன். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். மழையில் தனியாக நின்று தயாளன் வைப்பர் கைகளைப் பிடித்து முறுக்கிப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் செய்கிறார் என்றே நினைத்தேன்.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. போலீஸில் அவர் கொடுத்த வாக்குமூலம்: வைப்பர் பாதி வழியில் நின்று, கை கழன்று விழுந்துவிட்டது, ரோடு தெரியவில்லை, வேலை தெரியாத மெக்கானிக் செய்த தவறு. என்னையும் அதையே சொல்லச் சொல்லி ஆள் வந்தது. வைப்பர் ஓடியது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, என் ரூமில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் வாயைப் பொத்தினான். ஒருவன் என் வலது கையைக் கதவு நிலையில் வைத்துப் பிடித்தான். மூன்றாமவன் கதவைச் சாத்தினான். இரண்டு தடவை. "நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாரு. வைப்பர் நின்னுச்சுன்னு சொல்லு. இன்னொரு கை கீது உனுக்கு" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் துவைத்த துணியையும் சாக்கடையில் தள்ளிவிட்டுப் போனார்கள்.

நான் வீரன் இல்லை. அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன். ஃபேனைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன். என்னை நிறுத்தியது நியாயமா, கஸ்தூரி அக்காவின் காலா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நான் செய்த வைப்பரைக் குறை சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் கார் நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர், குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். மூக்கில் பிளாஸ்திரியோடு தயாளன் ஒரு பக்கம். கட்டுப் போட்ட கையோடு நான் ஒரு பக்கம்.

"வைப்பரே இல்லியேப்பா இதுல."

"கைதான் சார் இல்ல. மோட்டார் இருக்கு. சாவி போடட்டுமா?"

இடது கையால் சுவிட்சைத் தட்டினேன். வைப்பர் கைகள் உட்காருகிற இரண்டு குட்டி அச்சுகள், கண்ணாடிக்குக் கீழே மொட்டையாக நின்றவை, திரும்ப ஆரம்பித்தன. இன்ஸ்பெக்டர் ஒரு சாக்பீஸ் வாங்கி அச்சின் தலையில் கோடு போட்டார். கோடு இடதும் வலதுமாக, தயங்காமல், ஒரே சீராக ஆடியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிடுங்கிய கைகளைக் கொண்டுவரச் சொல்லி முறிந்த இடத்தைப் பார்த்தார். "துரு இல்ல. கழண்டு விழல. முறுக்கி ஒடிச்சிருக்கு" என்று தயாளனைப் பார்த்துச் சொன்னார். தயாளன் அவருக்கு முன்னாலேயே என் மேல் பாய்ந்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் பிடித்துத் தரையில் அழுத்தினார்கள். தரையில் கிடந்தபடி என் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார். கோடு அவர் தலைக்கு மேலே ஆடிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கஸ்தூரி அக்காவுக்குக் காலில் கம்பி வைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, மனசில் அரித்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். "நான் அந்த வைப்பரைச் சரி பண்ணாம இருந்திருந்தா, அவரு மழையில எடுத்திருக்கவே மாட்டாருக்கா."

அக்கா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வைப்பரா வண்டி ஓட்டிச்சி? அவந்தான ஓட்னான்? போய் டீ வாங்கினு வா."

வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. தயாளனுக்குத் தண்டனை கிடைத்தது, அப்பீலில் குறைந்தது. உள்ளே இருந்தது கொஞ்ச நாள்தான். ஆனால் ஷாப்பில் அவர் திரும்ப வந்து கை ஓங்கியபோது, ஒன்பது மெஷினும் ஒரே நேரத்தில் நின்றனவாம். நான் அப்போது அங்கே இல்லை, வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்த மௌனத்தைக் கேட்க முடியாமல் போனது இன்றும் எனக்குக் குறைதான்.

அக்கா இப்போது சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வார்டன். ஒரு கால் குட்டை, சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். குரல் அப்படியே. போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக் கோயிலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். திரும்பும்போது, "அந்த வளைவாண்ட நிறுத்து, பாக்கணும்" என்றார்.

நிறுத்தினேன். ஆனால் எங்கே? ரோடு இப்போது கயிறு பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது. வளைவை நிமிர்த்திவிட்டார்கள். மரம் ஒன்றுகூட இல்லை. பிரஸ் ஷாப் இருந்த இடத்தில் ஜன்னலே இல்லாத ஒரு கோடவுன். சிவப்புக் கார் ஸ்டேஷன் வாசலில் வருடக்கணக்கில் கிடந்து, ஒருநாள் பழைய இரும்பு லாரியில் போய்விட்டது. தயாளன் இரண்டு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் செத்துப்போனார்.

"இங்கதான்க்கா" என்றேன். "இல்ல, இன்னும் அப்பால" என்றார். வெயிலில் அங்கும் இங்கும் நடந்தோம். டிரெய்லர் லாரிகள் எங்களை உரசிக்கொண்டு பறந்தன. கடைசியில் அக்கா நடு ரோட்டுத் தடுப்புச் சுவரில் சாய்ந்துகொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் காலைப் பார்த்தார்.

"அடிச்சவனும் இல்ல, அடிச்ச எடமும் இல்ல" என்றார். "இது மட்டும் கீது பாரேன்."