குப்பைக்கூடையருகே ஒரு கணக்கதிகாரி

கையை முழங்கை வரை கழுவிவிட்டு, குப்பைக்கூடையருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரையும் தொடப்போவதில்லை, ஆனாலும் கழுவாமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கால் வைக்கமாட்டார். மருத்துவமனையின் கணக்கதிகாரி. செவிலியர்கள் வைத்திருக்கும் பெயர் 'எங்கே போகுது மேடம்'. எதைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "நான் சட்டையை மாட்டினாக்கூட 'இது எங்க போகுது'ன்னுதான் கேக்குறா" என்பார் கணவர்.

தீவிர சிகிச்சைப் பிரிவு கீழே ஒன்று, மாடியில் ஒன்று. கட்டில்கள் சமம், நோயாளிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. செலவு மட்டும் மாடியில் ஒன்றரை மடங்கு. காரணம் தெரியாவிட்டால் மாடியில் இரண்டு செவிலியரைக் குறைப்பதென்று நிர்வாகி சொல்லிவிட்டார். மேடம் மாதக் கடைசி வரை தவணை வாங்கியிருந்தார்.

மருந்தில் வித்தியாசமில்லை. மின்சாரத்திலும் இல்லை. ஆள் குறைக்கத்தான் வந்திருக்கிறாரென்று மூத்த செவிலியர் முகம் கொடுத்தே பேசவில்லை. மேடத்தினுடையது உடும்புப்பிடி. தினமும் மாடிப் பிரிவுக்கு வந்தார்.

அன்று தேறிய ஒருவரைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அவர் கட்டிலருகே தட்டில் குவிந்திருந்த ஊசிகள், குழாய்கள், கட்டுத்துணிகள் எல்லாவற்றையும் மூத்த செவிலியர் கூடையில் கவிழ்த்தார். பாதி உறைகள் பிரிக்கப்படவே இல்லை.

"இதெல்லாம் எங்க போகுது, சிஸ்டர்?"

"ஒருத்தர் பக்கத்துல வச்சத இன்னொருத்தருக்கு எடுக்கக் கூடாது மேடம். தொத்து."

"கீழேயும் அதே சட்டம்தானே. அங்க இவ்வளவு போகலையே?"

"கீழ ஸ்டோர் ரூம் ஒட்டினாப்புல இருக்கு. வேணும்போது ஒண்ணு எடுப்பாங்க. எங்களுக்கு ஸ்டோர் கட்டடத்தோட அந்தக் கோடியில. மூச்சு இழுத்துக்கிட்டிருக்கிறவரை விட்டுட்டு ஓட முடியுமா? அதான் முன்னாடியே குவிச்சுடறோம்."

"இங்கேயும் பக்கத்துல ஒரு ஸ்டோர் ரூம் வச்சிருக்கலாமே?"

"இருந்துச்சு. இப்ப அதுலதான் நீங்க ஆபீஸ் போட்டு உக்காந்திருக்கீங்க."

மேடம் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்த்தார். எதிரே அவருடைய அறை. ஜன்னலோரம், நல்ல வெளிச்சம். கேட்டு வாங்கிய அறை.

எழுந்து, மறுபடி கை கழுவி, வெளியே போய் நிர்வாகிக்குப் போன் போட்டார். ஆளைக் குறைக்க வேண்டாம், ஓர் அறையைக் காலி செய்தால் போதும் என்றார். எந்த அறை என்று அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"என்னோடதுதான் சார்."

சற்று நேரத்தில் தாழ்வாரத்தில் கடகடவென்று சத்தம். மூத்த செவிலியர் எட்டிப் பார்த்தார். கணினியை உட்கார வைத்த உருளை நாற்காலி முன்னால் வர, பின்னால் மேடம் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவருகே நிறுத்தி, சுண்டுவிரலில் தொங்கிய அறைச்சாவியைச் செவிலியரிடம் நீட்டினார்.