கார்டில் பரலோகம்

பாளையங்கோட்டை அச்சகத்தில் சாலோமிக்குத் 'துருவி' என்று பெயர். பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விசிட்டிங் கார்டு போடுகிறவளுக்கு, கொடுத்த தாளைப் பார்த்து அடித்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கத் தெரியாது. சேரன்மாதேவியில் ஒரு பல் டாக்டருக்குக் கார்டு என்றால்கூட, பஸ் ஏறிப் போய், நாலு பேரிடம் வழி கேட்டு, அந்த வாசலை மிதித்துவிட்டுத்தான் மவுசைத் தொடுவாள். "வழி தெரியாதவனுக்குத்தானே கார்டு? அவன் என்ன கேப்பான்னு நமக்குத் தெரியாண்டாமா?" என்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

அன்று வந்தவள் டாக்டர் ஜெனோ. இருபத்தெட்டு வயது. அடுத்த திங்கட்கிழமை சொந்த ஊரான முக்கூடலில் கிளினிக் திறக்கிறாள். தாளில் வெறும் 'டாக்டர் ஜெனோ' என்று எழுதியிருந்தாள். சாலோமியின் வாய் சும்மா இருக்குமா? அப்பா பெயரைக் காணோமே என்று கேட்டுவிட்டாள். பெண்ணின் முகம் சுருங்கிப் போயிற்று.

அப்பா பெயர் பரலோகம். வேதக்காரர் என்கிற பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்படிப் பெயர் வைப்பது புதிதல்ல. ஆனால் டாக்டர் கார்டிலா? மருத்துவக் கல்லூரியில் முதல் நாள் 'ஜெனோ பரலோகம்' என்று பெயர் வாசித்தபோதே, பின்பெஞ்சிலிருந்து 'பேஷண்டுக்கு டிக்கெட் ரெடி' என்று ஒருவன் கத்தினானாம். ஐந்தரை வருடமும் அதே கேலி. அப்பாவோ, மகளுக்கு இடம் கிடைத்த அன்றே, உன் கார்டில் என் பெயரைப் பார்க்கணும் என்று சொன்னவர். பெயரை எடுத்தது அவருக்குத் தெரியாது.

"பேரப் பாத்து நாலு பேரு திரும்பிப் போயிட்டா கிளினிக்க எப்படிக்கா நடத்த? எடுத்துட்டா அப்பா மூஞ்சில எப்படி முழிக்க?" என்றாள் ஜெனோ.

சாலோமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காய்ச்சலில் கிடக்கிறவன் கையில் 'பரலோகம்' என்று ஒரு கார்டைக் கொடுத்தால் அவன் என்ன ஆவான்! பிறகு, ஒரு மனிதரின் பெயரை நினைத்துச் சிரித்தோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் முக்கூடலில் இறங்கினாள். டாக்டர் ஜெனோவின் கிளினிக் எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பூக்காரி உதட்டைப் பிதுக்கினாள். ஆட்டோக்காரர் வேறு ஏதோ மருந்துக்கடையைக் காட்டினார். கடைசியில் டீக்கடையில், "பரலோகம்னு ஒருத்தரு மக..." என்று இழுத்தாள்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. "நம்ம பரலோகம் சார் மவளா? அத முதல்லயே சொல்லப்பிடாதாக்கா? எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு இன்னும் மறக்கலன்னா அவியளாலதான்" என்றார். அவ்வளவுதான், பூக்காரியும் ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு பரலோகம் சார் கதை. சார் மகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை வைத்தியத்துக்குத் தூக்கிப் போகலாமாம். அந்த ஊரில் பரலோகம் என்றால் மேலே இருப்பதல்ல, ஆற்றுத் தெருவில் இருப்பது.

சனிக்கிழமை அந்தப் பரலோகமே அச்சகத்துக்கு வந்துவிட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் குடை. மகளின் சங்கடம் அவள் சொல்லாமலே அவருக்குப் புரிந்திருந்தது.

"யம்மா, கார்டுல எம்பேரு இருந்தா எடுத்துரு. நோயாளி வாற எடத்துல அது எதுக்கு? நான் சொன்னேன்னு பிள்ளைகிட்ட சொல்லாத."

அவர் குரல் மாறவே இல்லை. சாலோமி திரையை அவர் பக்கம் திருப்பினாள். டீக்கடைக் கதையைக் கேட்டுவிட்டு, முந்தின நாளே ஜெனோ அழுதுகொண்டே சரி சொன்ன கார்டு அது. 'டாக்டர் ஜெனோ'. அதன் கீழே, அதே அளவு எழுத்தில், 'பரலோகம் சார் மகள்'.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"சார்னு போட்டிருக்கியே. நான் ரிட்டயர்டு ஆகி பதினோரு வருசமாச்சே."

"முக்கூடல்ல அது யாருக்கும் தெரியாது போல, சார்."

அவர் குடையைக் கைமாற்றிக்கொண்டார். பிறகு, எத்தனை கார்டு அடிக்கிறாய் என்று கேட்டார். ஐந்நூறு என்றாள்.

"ஆயிரமாப் போட்டுரும்மா" என்றார்.